கப்பல்துறை வீட்டுச் சுவருக்கு ஏற்ற அடாப்டர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினனான். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். ஐந்தாவது என் மனுசனுடைய தங்கச்சி. நான் கலியாணம் கட்டித் திருகோணமலைக் கப்பல்துறை வீட்டுக்கு வரும்போது மாமி உயிரோடு இல்லை. அந்தப் பிள்ளை பாவாடை நாடா கட்டத் தெரியாமல், ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றது. அவவுக்குத் தலை இழுத்து, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிலத்தில் உருண்ட நாளில் அடியும் போட்டு வளர்த்தவள் நான். முறைக்கு மச்சாள், அவவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவா. இதிலும் அவவை மச்சாள் என்றே சொல்லுகிறேன், பேர் போடவில்லை. கப்பல்துறை ஆட்களுக்குப் பேர் இல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்குப் பேர் தேவையில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து வைப்பேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பேர் வாசிப்பேன், அதற்கு மேல் ஏலாது. ஆனபடியால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அபி தன்னுடைய போனில் தட்டுகிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒழுங்காக முடித்த பிள்ளை. எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது, கதை என்னுடையது. ஊர்ச் சங்க மலருக்கு, ஊருக்குப் பயணம் போகிற ஆட்களுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கோ அம்மா என்று கேட்டார்கள். சூட்கேசின் பாரம் பற்றியும் விசா பற்றியும் படித்த ஆட்கள் எழுதுவார்கள். நான் பிளக்கைப் பற்றிச் சொல்லுகிறேன்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில், என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மூஞ்சி இருக்கிறது. இரண்டு கண், கீழே ஒரு சின்ன வாய். இந்த நாட்டில் எல்லா வீட்டுப் பிளக்கும் அப்படித்தான், கெட்ட செய்தி கேட்டுத் திடுக்கிட்ட ஆளின் மூஞ்சி மாதிரி. வந்த புதிதில் அதைவிடப் புதினமாக இருந்தது, அதற்குச் சுவிட்ச் இல்லாதது. எங்கள் ஊரில் பிளக்குக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும். வேலை என்றால் போடுவோம், முடிந்தால் நிப்பாட்டுவோம். இங்கே சுவருக்குள் கரண்ட் எந்த நேரமும் விழித்துக்கொண்டே கிடக்கிறது. ஊரிலிருந்து நான் ஆசையாகக் கொண்டுவந்த மிக்சியை ஒரு அடாப்டரில் செருகிப் போட்டால், அது வருத்தக்காரன் எழும்புகிற மாதிரி முனகிக்கொண்டு சுற்றியது. உளுந்து அப்படியே முழுசாகக் கிடந்தது. மகன் சுதன் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, அடாப்டர் பிளக்கின்ரை காலைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. அங்கத்தைய கரண்ட் பலம், இங்கத்தையது மெலிவு" என்றான். அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

இன்னொரு பழக்கமும் என்னோடு பிளேன் ஏறி வந்தது. ஊரில் வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கினால், வீட்டில் யார் கிட்ட நிற்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டவேண்டும். பிறகு ரீவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் வயரையும் கழற்றிவிட வேண்டும். ஐப்பசி மாதத்தில் பின்னேரம் பின்னேரமாக இதுதான் வேலை. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் மின்னல் இறங்கி ரீவியும் சுவரும் கருகினதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது மச்சாள் குமர்ப்பிள்ளை. அவவின் கையைப் பிடித்து, ஒரு பலகையில் ஏற்றிவிட்டு, இடி கேட்டால் இதை இப்படிக் கீழே இழு என்று காட்டிக்கொடுத்தது நான்தான். இங்கே வந்தும் ஒரு நாள் இடி இடிக்க, வீட்டில் இருந்த வயர் எல்லாவற்றையும் கழற்றி விட்டேன். மேலே சுதன் கொம்பியூட்டரில் கூட்டத்தில் இருந்தானாம். இறங்கி வந்தவனுக்கு என்னை ஏசவும் ஏலவில்லை, சிரிக்கவும் ஏலவில்லை. "அம்மா, இங்கை இடி வீட்டுக்குள்ளை வராது" என்றான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். என் மனுசன் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் மூட்டை இறக்கினவர். பாரம் அவரை ஒன்றும் செய்யவில்லை, சுருட்டுத்தான் நெஞ்சைத் தின்றது. இங்கே வந்து கொஞ்சக் காலத்தில் மூச்சு முட்டத் தொடங்கி, கடைசியில் ஒட்சிசன் மெசின் இல்லாமல் இருக்க ஏலாத நிலைமை. மூக்கில் குழாயோடு யன்னலடியில் இருந்து, வெளியே பனி கொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பார். டொக்டர் சுதனிடம் தனியக் கதைத்தார். சுதன் என்னிடம் வந்து சொல்லாமல் குசினிக்குள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கிவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான். "என்னை ஒருக்கா கப்பல்துறைக்குக் கொண்டு போங்கோ. என்ரை அறையிலை படுக்கவேணும். தங்கச்சியையும் பாக்கவேணும்." எங்கள் வீட்டில் தனியக் குடியிருந்து, விளக்குக் கொளுத்தி, கூட்டிப் பெருக்கி வைத்திருந்தது மச்சாள். மனுசனை இழந்தவ, பிள்ளை இல்லை.

வீட்டில் இருந்த பெரிய மெசின் இந்த நாட்டுக் கரண்டுக்கு மட்டும் செய்தது. அதை ஊரில் செருகினால் எரிந்துபோகும். தோளில் கொழுவுகிற சின்ன மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அதன் வயரில் ஒரு கறுப்புக் கட்டி இருந்தது. அதிலே எறும்பு மாதிரி எழுத்து. அபி கண்ணாடி வைத்து வாசித்து, நூற்றிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ற் வரைக்கும் தாங்கும், ஊர்க் கரண்டுக்கும் சரி என்றாள். பயணம் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கோ. காலைப் பார்க்கிறதுக்கு முதல் அந்த எழுத்தை வாசியுங்கோ, வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஆளைக் கேளுங்கோ. அந்த மெசினுக்குள் பற்றரியும் உண்டு, ஆனால் பழசு. கனநேரம் நிற்காது.

பிறகு கால் விசயம். நானும் அபியும் பெரிய கடைக்குப் போனோம். எனக்குச் சொல்லத் தெரியாது என்பதால், கப்பல்துறை வீட்டுப் பிளக்கை ஒரு கடதாசியில் கீறிக் கொண்டுபோனேன். மேலே ஒரு பெரிய வட்டம், கீழே இரண்டு சின்ன வட்டம். கடையில் நின்ற பொடியன் அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, "சிங்கிங்?" என்று கேட்டு, தானும் வாயைத் திறந்து பாட்டுப் பாடுகிற மாதிரிக் காட்டினான். பார்த்தால் அவன் சொன்னது சரி. தலைகீழாகப் பிடித்தால் இரண்டு கண்ணும் திறந்த வாயும். நானும் சிரித்தேன். அபி விளங்கப்படுத்த, எல்லா நாட்டுக் காலும் உள்ளுக்குள் மடிந்து கிடக்கிற ஒரு வெள்ளைக் கட்டியைத் தந்தான். "ஒல் வேர்ல்ட்" என்றான். வீட்டில் வந்து ஒவ்வொரு காலாக இழுத்துப் பார்த்தேன். சதுரக் கால் இருந்தது. சரிவான கால் இருந்தது. எங்களுடைய பழைய வட்டக் கால் இல்லை. எல்லா உலகத்திலும் கப்பல்துறை இல்லை.

"விறாந்தையிலை புதுச் சதுரப் பிளக் இருக்குத்தானே அம்மா, அது காணும்" என்றான் சுதன். அவன் பெடியனாக ஊரைவிட்டு வெளிக்கிட்டவன். அவனுக்கு வீட்டின் சுவர் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. அவருடைய அறையில் பழைய வட்டப் பிளக் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். "அங்கை போய்ப் பாப்பம்" என்றான்.

கப்பல்துறை வீட்டுக்குப் போய் இறங்கினபோது மச்சாள் வாசலில் நிறைகுடம் வைத்திருந்தா. அண்ணனுடைய மூக்குக் குழாயைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டு, "என்ன அண்ணை, வெளிநாடு போய் மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்திட்டியள்" என்றா. அவர் சிரித்தார். சிரிக்கவும் அவருக்கு மூச்சு வேண்டும். ஆனாலும் சிரித்தார்.

அடாப்டர் கதையைக் கேட்டதும் மச்சாள் அலுமாரியைத் திறந்து ஒரு பிஸ்கற் பேணியை எடுத்துக்கொண்டு வந்தா. என் பிள்ளைகள் நாலு பேரும் நாலு நாட்டில். ஊருக்கு வந்து போகும்போது ஒவ்வொருவரும் விட்டுப்போன அடாப்டர்களை மச்சாள் துடைத்து அந்தப் பேணிக்குள் சேர்த்து வைத்திருந்தா. லண்டன்காரியின் சதுரம், சுவிஸ்காரனின் மெல்லிய மூன்று கால், அவுஸ்திரேலியாக்காரியின் சரிந்த கண். நகைப் பெட்டி மாதிரிக் கட்டிலில் கொட்டினா. "பிள்ளையள்தான் நிக்கிறதில்லை, இதாவது நிக்கட்டும் எண்டு எறியேல்லை" என்றா. அதற்குள் வட்டக் கால் உள்ளது ஒன்று கிடைத்தது. செருகினோம். மெசினில் பச்சை லைற் வந்தது. ஆனால் அந்த அடாப்டரின் வாய் தளர்ந்துபோயிருந்தது. வயரின் பாரத்துக்குத் தொங்கி, தொட்டால் உள்ளே சர் என்று சத்தம். மச்சாள் ஒரு வெறும் பால்மாப் பேணியை முண்டு கொடுத்து நிமிர்த்தி வைத்தா. சுதன் கட்டிலை விறாந்தைக்கு மாற்றுவோம் என்றான். அவர் சம்மதிக்கவில்லை. "கடல் தாண்டி வந்தது விறாந்தையிலை படுக்கவோ" என்றார்.

மற்ற நாள் காலமை அவரைத் துறைமுகத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். வயரைக் கழற்றி, பற்றரியில் போட்டு, மெசினை மச்சாள்தான் தோளில் கொழுவினா. யாரிடமும் கொடுக்கவில்லை. உட்துறைமுக வீதியில் வானை நிப்பாட்டி, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கல்லில் அவரை இருத்தினோம். மான்கள் குப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றன. கச்சான் விற்கிற மனுசி வந்து, "என்ன அக்கா, வடிவான பாக்" என்று மெசினைக் காட்டிக் கேட்டா. மச்சாள், "இது பாக் இல்லை, என்ரை அண்ணன்ரை மூச்சு. நான்தான் காவிறன்" என்று பெருமையாகச் சொன்னா. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தத் தண்ணி அப்பவும் இப்பிடித்தான், ஆடாது" என்றார். சுதன் மெசினில் பற்றரிக் கோடு குறைகிறதைப் பார்த்து, போவோம் போவோம் என்று அந்தரப்பட்டான். அவருக்கு எழும்ப மனமில்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது பற்றரி முடிகிற நிலை. பால்மாப் பேணியை முண்டு கொடுத்து மறுபடி வயரில் போட்டோம். அவர் சாப்பிட்டுவிட்டு நித்திரையானார்.

வயர் தொங்குகிறதைப் பார்க்கப் பார்க்கச் சுதனுக்குப் பொறுக்கவில்லை. டவுனுக்குப் போய் இறுக்கமான அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். எந்த வட்டம் என்று அவனுக்குத் தெரியாது. சின்னதும் உண்டு, ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போடுகிற பெரியதும் உண்டு. ஆனபடியால் நானும் ஓட்டோவில் ஏறினேன். மச்சாள் அவருடைய கால்மாட்டில் கதிரை போட்டு இருந்து, "போயிட்டு வாங்கோ மச்சாள், அண்ணையை நான் பாக்கிறன்" என்றா. மூக்குக் குழாய் விலகினால் எப்படிப் போடுகிறது என்று அவவுக்குக் காட்டியிருந்தோம். பற்றரி முடிகிறது என்றால் என்ன என்று அவவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

ஹாட்வெயார் கடைக்காரர் நல்ல பித்தளைக் காலோடு, பாரமான ஒன்றை எடுத்துத் தந்தார். கடைச் சுவரிலேயே செருகி ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. "இது உங்கடை காலத்துக்கும் நிக்கும் அம்மா" என்றார். வெளியே வரும்போது வானம் கண்டி வீதிப் பக்கமாகக் கறுத்துக் கிடந்தது. பாதி வழியில் மழை. ஓட்டோவின் படங்கை இறக்கிவிட்டும் நனைந்தோம். இடி ஒவ்வொன்றும் பக்கத்தில் விழுகிற மாதிரி. எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை, வீட்டில் மெயினை நிப்பாட்டியிருப்பா, ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் நடக்காது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். ஓம், நிம்மதியாக. ஊர் நினைப்பு அப்படித்தான் வேலை செய்யும்.

வீடு இருட்டாக இருந்தது. மச்சாள் கட்டிலில் ஏறி இருந்து, அவரைத் தன் நெஞ்சில் சாய்த்து, விசிறியால் வீசிக்கொண்டிருந்தா. அவருடைய வாய் திறந்தபடி. கண் இரண்டும் விரிந்து என்னைப் பார்த்தது. பக்கத்துக் கதிரையில் மெசினின் வயர் வடிவாகச் சுற்றி, அடாப்டரோடு சேர்த்துப் புதுத் துவாயால் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"இடி வந்திட்டுது மச்சாள். மெயினை நிப்பாட்டி, வயரையும் கழட்டி வைச்சிட்டன். விலையான சாமான், மின்னல் அடிச்சா அண்ணைக்கு என்ன செய்யிறது எண்டு. காலமை வயர் இல்லாமல்தானே வேலை செய்தது. கொஞ்ச நேரம் செய்தது. பிறகு கீக் கீக் எண்டுது, தன்ரை பாட்டிலை நிண்டிட்டுது. இடி விட்டாப்பிறகு போடுவம் எண்டு பாத்தன். இடி விடுதில்லை மச்சாள்."

சுதன் மெயினைப் போட ஓடினான். போட்டும் வெளிச்சம் வரவில்லை. மழைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. வந்த ஓட்டோவிலேயே அவரைத் தூக்கிப் போட்டோம். மச்சாள் விசிறியை விடாமல் ஏறினா. ஆசுபத்திரிக்குக் கிட்ட வரும்போது என் கைக்குள் இருந்த அவருடைய கை பாரமாகிவிட்டது. புது அடாப்டர் என் மடியில், பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

ஆசுபத்திரியில் இருந்த டொக்டர் பிள்ளை நல்ல பிள்ளை. அவவுக்குத் தெரியவேண்டியதைக் கேட்டா. "ஒட்சிசன் எப்ப நிண்டது?" மச்சாள் எங்கள் இரண்டு பேருடைய மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு குனிந்து தன் வலது கையைப் பார்த்தா. அந்த இடத்தில்தான் அவவுக்கு விளங்கினது. அழவில்லை. செத்தவீடு முடியும்வரைக்கும் நான் கிட்டப் போனால் எழும்பி மற்ற அறைக்குள் போய்விடுவா. டொக்டர் பிள்ளை என்னிடம் தனியச் சொன்னா, நெஞ்சு அவ்வளவு பழுது, மெசின் இருந்திருந்தாலும் கனநாள் இல்லை என்று. அதை நான் மச்சாளுக்குச் சொன்னேன். கேட்டமாதிரித் தெரியவில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்ததோடு சுதன் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

இது நடந்து ஒரு ஐப்பசி போய் மற்ற ஐப்பசி வரப்போகிறது. மச்சாளின் போன் அடிபடுகிறதில்லை. முன்வீட்டு மகேஸ்தான் சொல்லுகிறா. "அக்கா, அவ செத்தவீட்டுக்குப் பிறகு மெயினைப் போடவே இல்லை. குப்பி விளக்குத்தான். கிணத்து மோட்டரும் இல்லை, இந்த வயசிலை வாளியாலை அள்ளுறா. போனுக்குச் சார்ச் இல்லை. நான் போய் மெயினைப் போட்டா, நான் படலையைத் தாண்டமுந்தி நிப்பாட்டிப்போடுறா." மச்சாளுக்குக் கடுமையான சீனி வருத்தம், இன்சுலின் ஊசி போடுகிறவ. அந்த மருந்து குளிரில் இருக்கவேண்டும். வேலை செய்யாத ஃப்ரிட்ஜுக்குள் அதை வைத்திருக்கிறாவாம். என் வீட்டில் வைக்கிறேன் தாங்கோ என்று மகேஸ் கேட்டும் கொடுக்கவில்லையாம். காலில் ஒரு புண் ஆறாமல் நிற்கிறதாம். ஒருவரை ஊரில் எரித்துவிட்டு வந்திருக்கிறேன். இன்னொன்று இருட்டுக்குள் இருந்து தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு முழங்கால் போய்விட்டது, பிளேன் ஏற டொக்டர் விடமாட்டார் என்கிறார்.

போன கிழமை இங்கே இடி இடித்தது. என் உடம்பு என்னைக் கேட்காமல் கட்டிலை விட்டு எழும்பியது. கை சுவருக்குப் போனது. அங்கே அந்த மூஞ்சி, கண்ணை விழித்தபடி. சுவிட்ச் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. அலுமாரி லாச்சியில் அந்தப் பித்தளைக்கால் அடாப்டர் இன்னும் பெட்டியோடு கிடக்கிறது. கப்பல்துறைச் சுவரில் மட்டும் இறுகப் பிடிக்கிற சாமான், ஸ்காபரோ அலுமாரிக்குள். இங்கத்தைய சுவரில் அதைச் செருக ஒரு ஓட்டையும் இல்லை. எறியவும் மனமில்லை. நானும் அந்த லாச்சிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன்.

பயணம் போகிற ஆட்களே, அடாப்டர் வாங்கும்போது உங்களுடைய சாமானைப் பாருங்கோ, அங்கத்தைய சுவரைப் பாருங்கோ. அதோடு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆளையும் யோசியுங்கோ. அவர்கள் எப்படி வாழுகிறவர்கள், இடி வந்தால் என்ன செய்கிறவர்கள் என்று. அவர்கள் பாசத்தில் செய்கிறதை உங்கள் மெசினுக்கு விளங்காது.

மச்சாள், இனி உனக்குச் சொல்லுகிறேன். நீ அண்டைக்குச் செய்ததைத்தான், அந்த நேரம் வீட்டில் நிண்டிருந்தால் நானும் செய்திருப்பேன். என் கையும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். உன் கையைப் பிடித்துப் பழக்கினது நான். உன் அண்ணன் தன் அறையில், உன் நெஞ்சில் சாய்ந்து கிடந்தார். அவர் கேட்டு வந்தது அதுதான். நீ கொன்றாய் என்று ஒருவர் சொன்னாலும் அவரோடு நான் கதைக்கமாட்டேன், அது நீயாக இருந்தாலும். மெயினைப் போடு. மருந்தைக் குளிரில் வை. இடி வந்தால் நிப்பாட்டு, இடி விட்டால் போடு. அப்படித்தானே உனக்குச் சொல்லித் தந்தனான். நிப்பாட்ட மட்டுமா காட்டினேன்?

அபி, எல்லாம் தட்டியாச்சோ? அவவுக்கு என்னைவிட வாசிப்புக் குறைவு, மலரைக் கையிலை குடுத்தும் பிரயோசனம் இல்லை. உன்ரை குரலைப் பதிஞ்சு மகேஸின்ரை போனுக்கு அனுப்புவம், அவ பக்கத்திலை இருந்து கேக்கப்பண்ணுவா. முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. கெதியா வாசிக்காதை பிள்ளை. தொடக்கத்திலை, ஐந்து பேரை வளர்த்தனான் எண்டு வருது பார், அந்த ஐந்து எண்ட இடத்திலை கொஞ்சம் நிண்டு வாசி. அதை அவ வடிவாக் கேக்கவேணும்.